வாசலில் உட்கார்ந்தவர்

"திரும்பிப் பாக்காதே. அந்த ஆளு நம்மளையேதான் பாக்குறாரு" என்று முணுமுணுத்தாள் சிர்ரா.

வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற நியிமா திரும்பாமல் இருப்பாளா? வாக்குச்சாவடி வாசலில், மாமர நிழலில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர். நீல அங்கி, வெள்ளைத் தொப்பி. காலையில் மீன்தூள் ஆலையின் வண்டியில் வந்து இறங்கியவர். ஊரில் யாருக்கும் அவரைத் தெரியாது.

"அவர்தானா?"

"அவரேதான். ஆலை மேஸ்திரி நேத்து வீடு வீடா வந்து சொன்னானே! ரெண்டு பீப்பாய்க்கும் வெளிநாட்டு முதலாளிங்கதான் புது மணி வாங்கிக் குடுத்திருக்காங்களாம். ரெண்டும் வேற வேற சத்தமாம். கோலி விழுந்ததும், யாரு யாருக்குப் போட்டாங்கன்னு இவரு சொல்லிடுவாராம்."

உள்ளே டிங் என்றது.

அவர்கள் நாட்டுத் தேர்தலில் ஓட்டுச் சீட்டு கிடையாது. மறைப்புக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒரு பீப்பாய். கையில் கொடுக்கும் கோலிக்குண்டைத் தனக்குப் பிடித்த வேட்பாளரின் பீப்பாயில் போட வேண்டும். ஒருத்தரே இரண்டு போட்டு ஏமாற்றக் கூடாது என்றுதான் உள்ளே மணி கட்டியிருக்கிறார்கள். மணிச் சத்தம் குழம்பிவிடுமென்று அன்றைக்கு அந்தப் பக்கம் சைக்கிள்கூட வரக் கூடாது.

"எனக்கு எல்லாம் ஒரே சத்தமாத்தான் கேக்குது" என்றாள் நியிமா.

"உனக்கும் எனக்கும் அப்படித்தான்டி கேக்கும். அவரு காது பழகின காது. மூஞ்சியைப் பாரு, ஏதாவது அசையுதா?"

அசையவில்லைதான். வெளியே வரும் ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்து, மெல்லத் தலையை மட்டும் அசைத்தார்.

ஆலை வந்த நாளிலிருந்து போங்கா மீன் கரையில் தங்குவதில்லை. அப்படியே ஆலைக்குப் போய், அரைபட்டு, கப்பலேறி, எந்த நாட்டுக் கோழிக்கோ தீனியாகிறது. புகை போட்டு விற்க மீனில்லாமல் நியிமாவின் அடுப்பு அணைந்து கிடக்கிறது. 'நான் ஜெயித்தால் ஆலைக்குப் பூட்டு' என்ற வாத்தியார் ஃபபகாரிக்குத்தான் கோலி என்று பெண்கள் எல்லோரும் பேசி வைத்திருந்தார்கள்.

வாத்தியார் ஜெயித்தால் மீன் வரும், அடுப்பு எரியும். தோற்று, அவள் அவருக்குப் போட்டதும் ஆலைக்குத் தெரிந்துவிட்டால்? அவள் புருஷன் டெம்போவுக்கு அந்த ஆலை வாசலில்தான் காவல் வேலை. வீட்டில் இன்று உலை கொதிப்பது அந்தச் சம்பளத்தில்தான்.

"நீ யாருக்குப் போடப் போற, சிர்ரா?"

"இதென்ன கேள்வி? வாத்தியாருக்குத்தான்" என்ற சிர்ரா, சட்டென்று கடல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

இத்தனை பேர் போடும்போது, என் ஒரு கோலி இல்லாவிட்டால் வாத்தியார் தோற்றா போய்விடுவார்? நியிமா தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மறைப்புக்குள், பீப்பாயில் ஒட்டியிருந்த படத்திலிருந்து வாத்தியார் சிரித்தார். அவள் மூத்த மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். நியிமா கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்துப் பீப்பாயில் கோலியை விட்டாள். ஆலைக்காரர்களின் ஆளுடைய பீப்பாய் அது.

டிங்.

வெளியே வந்ததும் நீல அங்கிக்காரர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அப்பாடா என்றிருந்தது. கூடவே, தன் மேலேயே அருவருப்பாகவும் இருந்தது.

மாலையில் அங்கேயே, குழிப்பலகைகளில் கோலிகளை அடுக்கி எண்ணினார்கள். ஆலைக்காரர்களின் ஆளுக்குப் பலகை பலகையாக நிறைந்தது. வாத்தியாருக்கு ஒன்றுகூட முழுதாக நிறையவில்லை. தலைநகரிலிருந்து வந்த பார்வையாளர், குறையே இல்லாத தேர்தல் என்று எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார்.

"நானும் அங்கதான் போட்டேன்டி" என்று சிர்ரா முந்தானைக்குள் அழுதாள். "நீங்கல்லாம் வாத்தியாருக்குப் போட்டிருப்பீங்கன்னு நினைச்சேனே!"

யாருமே யார் முகத்தையும் பார்க்கவில்லை. கெட்டது கெட்டது, டெம்போவின் வேலையாவது மிஞ்சட்டும் என்று நியிமா எழுந்து மாமரத்தடிக்குப் போனாள். ஆலை வண்டி வந்து நின்றிருந்தது. டிரைவர் நாற்காலியை மடக்கி ஏற்றிக்கொண்டிருந்தான்.

"ஐயா, நான் டெம்போ பொண்டாட்டி. காலையில என் மணியைக் கேட்டீங்கல்ல? உங்க ஆளுக்குத்தான் போட்டேன். மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்து, மெல்லத் தலையசைத்தார்.

டிரைவர் சிரித்துவிட்டான். "யாருகிட்டம்மா பேசிக்கிட்டு இருக்கே? எங்க முதலாளிங்களோட இன்னொரு ஆலையில பாய்லர் வெடிச்சப்பவே இவருக்கு ரெண்டு காதும் போயிடுச்சு. பக்கத்துல இடி விழுந்தாக்கூடக் கேக்காது!"