உலோகமில்லா வினையூக்கி

உலோகமே கலக்காத வினையூக்கியைக் கண்டுபிடித்தவர் என்று பேராசிரியர் ஹாலக்குக்குப் பெயர் வாங்கித் தந்த வேதிவினை, அவர் செய்தால் மட்டும் பலிக்கும். மாணவி டெல்பினுக்கு ஆறு மாதமாக மசியவில்லை. இன்று திடீரென்று தொண்ணூற்றிரண்டு சதவீதம் விளைபொருள் கிடைத்தது என்கிறாள்.

"நம்பரை நீயே எழுதிக்கிட்டியா?"

"மூணு தடவை செஞ்சு பாத்துட்டேன் புரொஃபசர்."

"அப்ப எதை மாத்தின?"

"குடுவைக்குள்ள சுத்திக் கலக்குற காந்தத்தை. இவ்வளவு நாள் புதுசு போட்டேன். இது உங்க டிராயர்ல இருந்தது."

இருபது வருடமாக எல்லாச் சோதனைக்கும் அவர் பயன்படுத்தும் காந்தம். வெள்ளை உறை கறுத்துக் கிடந்தது.

"காந்தத்துல என்ன இருக்கு? என் வினையூக்கி வேலை செய்யுதுன்னு இப்பவாவது ஒத்துக்கோ."

டெல்பின் வினையூக்கிப் புட்டியை அவர் முன்னால் வைத்தாள். சீல் உடைக்கப்படவில்லை.

"இதை நான் போடவே இல்ல புரொஃபசர். காந்தத்தோட உறை மேல படிஞ்சிருந்த கறுப்பைச் சுரண்டிச் சோதிச்சேன். உலோகம்."