திரினிடாட்டுக்கு ஒரு பிணை

“ஒரேயடியாய்த் திரினிடாட்டுக்குப் போறவருக்கு நான் பிணையோ? நீங்கள் வராட்டில் நானெல்லோ பூநகரியை விட்டு அசையேலாது!” பக்கத்து வீட்டுக் குகதாசன் கத்தினார்.

வன்னியை விட்டு வெளியேறப் புலிகளின் பாஸ் வேண்டும். ஆள் திரும்புவார் என்று ஒருவர் பிணை நிற்கவும் வேண்டும். மூன்று மாதமாய்க் கெஞ்சிக் களைத்த வீரகத்தி, அந்தக் கரீபியன் தீவிலிருந்து மருமகன் எழுதிய கடிதத்தை மறுபடி நீட்டினார்.

குகதாசன் கண்ணாடி இல்லாமலே விலாசம் வரைக்கும் ஆற அமர வாசித்தார்.

“சரியண்ணை, முதல் நான் வவுனியா ஆஸ்பத்திரியில கண்ணைக் காட்டிப்போட்டு வாறன். எனக்கு நீங்கள் நில்லுங்கோ. வந்து உங்களுக்கு நிக்கிறன்.”

வீரகத்தி சந்தோசமாய்க் கையெழுத்து வைத்தார்.

எட்டு மாதத்தில் மருமகனின் அடுத்த கடிதம் வந்தது: “மாமா, நீங்கள் அனுப்பின குகதாசன் அண்ணை உங்கட அறையில சுகமாய் இருக்கிறார். தையில அவருக்கு இங்க கலியாணம். நீங்கள் எப்ப வாறியள்?”