பிலோமி கடித்த கை

"மண்டி போடுடி" என்று மகள் பிலோமியின் தோளைப் பிடித்து அமுக்கினாள் சவரியாயி.

பிள்ளை விறைத்துக்கொண்டு நின்றது. எட்டு வயசுக்கு என்ன அழுத்தம், என்ன பிடிவாதம்!

பூசை முடிந்தும் தோட்டத்துச் சனம் கலையவில்லை. வேடிக்கை என்றால் கலையுமா? ரப்பர் விலை ஏறின சந்தோஷத்தில் துரை கட்டிக்கொடுத்த அத்தாப்பு ஓலைக் கூரைக் கோயில் அது. ஆம்பளைகள் ஒரு பக்கம், முக்காடு போட்ட பொம்பளைகள் ஒரு பக்கம் என்று அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

பீடத்துக்குக் கீழே நாற்காலியில், ஈப்போவிலிருந்து வந்த வெள்ளைக்காரச் சாமியார். மாதம் ஒரு தடவைதான் வருவார். அவருக்குப் பக்கத்தில் பவ்வியமாக உபதேசியார் மத்தியாஸ்.

மீதி நாளெல்லாம் இந்தத் தோட்டத்துக்கு மத்தியாஸ்தான் சாமியார் மாதிரி. செபம் சொல்வார், சாவுக்கு வருவார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். ஊருக்குக் கடுதாசி எழுதுவதா, துரையிடம் ஒரு வார்த்தை சொல்வதா, எல்லாவற்றுக்கும் அவர்தான். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, தனியாக ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துப் பிழைக்கிறவள் சவரியாயி. அவளுக்குக் கூலிக்காரர் லயத்தில் வீடு நிலைத்ததே அவர் புண்ணியத்தில்தான்.

அந்த மனுஷனின் கையைத்தான் இந்தச் சனியன் கடித்து வைத்திருக்கிறது!

வியாழக்கிழமை பாடம் முடிந்ததும், மற்றதுகளை அனுப்பிவிட்டு, மெழுகுவத்தித் தண்டுகளைத் துடைக்கப் பிலோமியை மட்டும் நிறுத்தியிருக்கிறார். நல்ல பிள்ளைகளுக்குத்தான் அந்தக் கொடுப்பினை. இது என்னடாவென்றால், கடித்துவிட்டு ஓடி வந்து அடுப்பங்கரை மூலையில் சுருண்டுகொண்டது. ஏன் கடித்தாய் என்று கேட்டால், இனிமேல் அங்கே போக மாட்டேன் என்ற ஒரே பேச்சுதான்.

சவரியாயி என்னதான் செய்யவில்லை? உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். தீர்த்தம் தெளித்தாள். கெஞ்சினாள். எதற்கும் மசியவில்லை என்றதும் விளக்குமாற்றை எடுத்தாள். அடித்துவிட்டு அவளும்தான் அழுதாள், பெத்த வயிறு இல்லையா.

அடுத்த மாதப் பூசையில் பிலோமிக்குப் புது நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். சிம்பாங் பூலாய்க் கடையில் வெள்ளைத் துணி எடுத்துத் தைத்து வைத்தாயிற்று. உபதேசியார் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால்தான் பிலோமிக்கு நன்மை என்று சாமியார் நேற்று வந்ததுமே சொல்லிவிட்டார். கோயிலே ஒதுக்கி வைத்த பெண்ணை நாளைக்கு எவன் கட்டுவான்? லயத்து வாய்கள் சும்மா இருக்குமா? இந்த ஒரு மன்னிப்பில்தான் பிள்ளையின் வாழ்வே இருக்கிறது என்று அவள் நம்பினாள்.

காலையில் கதவைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்று அலறிய பிலோமியை, பக்கத்து வீட்டு மதலம்மாதான் கூட நின்று இழுத்து வந்தாள். மூன்று பெண்களைப் பெற்றவள். பிள்ளைகளின் அடமெல்லாம் அவளுக்கு அத்துபடி.

ஒரு வழியாகப் பிலோமியின் முழங்கால் தரையைத் தொட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை.

சாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. செய்த காரியத்தைப் பிள்ளை கண்ணாலேயே பார்க்கட்டும் என்று, உபதேசியாரைக் கையைக் காட்டச் சொன்னார்.

மத்தியாஸ் கூச்சப்பட்டார். சின்னப் பிள்ளைதானே சாமி, போகட்டும் என்று கையை இழுத்துக்கொண்டார். என்ன பெருந்தன்மை பாரு என்று ஆம்பளைகள் பக்கம் ஒருத்தர் உச்சுக்கொட்டினார்.

சாமியார் விடவில்லை. மத்தியாஸின் மணிக்கட்டைப் பிடித்து, பொத்தானைக் கழற்றி, சட்டைக்கையைத் தானே முழங்கைவரைக்கும் சுருட்டி ஏற்றினார்.

சவரியாயி எட்டிப் பார்த்தாள்.

மணிக்கட்டுக்கு மேலே பிலோமி கடித்தது, செக்கச்செவேல் என்று. முன்பல் ஒன்று விழுந்து இன்னும் முளைக்காத வாய் அது. தடத்தில் அந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அதற்கு மேலே இன்னொரு தடம், ஆறிக் கறுத்துப்போனது. முழங்கையை ஒட்டி ஒன்று. உள்பக்கம், தழும்பாகி வெளுத்துப்போனது ஒன்று. அவற்றில் எதிலும் பல் குறையவில்லை.

எல்லாமே சின்ன வாய்கள்.

விளக்குமாற்றை எடுத்து அடித்த தன் கையை வெட்டி எறிந்தால் என்ன என்றிருந்தது சவரியாயிக்கு.

சாமியாரும் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு சட்டைக்கையை மெல்ல இறக்கிவிட்டார். பொத்தானையும் அவரே போட்டுவிட்டார். எங்கோ பார்த்துக்கொண்டு, ம், மன்னிப்புக் கேள் என்று பிலோமியிடம் சொன்னார்.

சவரியாயி குனிந்து பிள்ளையைத் தூக்கி நிறுத்தினாள். முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். நன்மையும் வேண்டாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

பொம்பளைகள் பக்கத்தில் யாராவது ஒருத்தியாவது எழுந்து கூட வருவாள் என்று நினைத்தாள். அத்தனை முக்காடும் குனிந்தே இருந்தது.

மதலம்மா மட்டும் எழுந்து வந்தாள். வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் அப்படி ஒரு ஆத்திரம்.

"எங்கக்கா போற? மன்னிப்புக் கேக்கச் சொல்லு. நாங்கல்லாம் எங்க புள்ளைங்கள கேக்க வைக்கலையா?"