தற்காலிக ஏற்பாடு

சல்கா படிக்கட்டின் அடியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"என்னடி பண்றே? கீழ்வீட்டு நாய் மூத்திரம் போற படி அது," என்றேன்.

அவள் காதில் விழவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சலவைக்கல்லில் வெறுங்காலை மெல்ல வைத்தாள். ஆட்கள் மிதித்து மிதித்து நடுவில் குழிந்துபோன படி. அவள் பாதம் அந்தக் குழிக்குள் அடங்கியது.

"யம்மா! எத்தனை பேர் நடந்திருப்பாங்க யுசிமி!"

"பாதிப் பேர் வழுக்கி விழுந்திருக்காங்க. மேல வா."

சஹாரா பாலைவனத்திலிருந்து எங்கள் ஹவானாவுக்கு மருத்துவம் படிக்க வந்து அவளுக்கு ஒரு வாரம்தான் ஆகிறது. வகுப்பில் என் பக்கத்து இருக்கை. ஊர்ப் பள்ளியிலேயே கற்றுக்கொண்டு வந்து அவள் பேசும் ஸ்பானிஷ் எங்களுடையதைவிடச் சுத்தம். நாங்கள் பாதி எழுத்தை விழுங்குவோம், அவள் ஒன்றைக்கூட விட மாட்டாள்.

பேருந்திலிருந்து இறங்கியதிலிருந்து என் உயிரை வாங்கிவிட்டாள். ஒவ்வொரு தூணையும் தொட்டுப் பார்த்தாள். காரை உதிர்ந்த சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். டோமினோ ஆடிக்கொண்டிருந்த கிழவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

"உங்க ஊர் ஸ்மாராவும் பழைய ஊர்தானேடி? கறுப்புக் கல்லுல கோட்டை இருக்குன்னு நீதானே பீத்திக்கிட்டே?"

"இருக்கு. மதிலெல்லாம் அவ்ளோ அகலம். நடுவுல பெரிய தொழுகை மண்டபம்." மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"அப்புறம் எதுக்கு எங்க ஓட்டைச் சுவரப் பாத்து வாயப் பொளக்கிறே?"

அவள் குனிந்து அடுத்த படியின் குழியைத் தடவினாள்.

வீட்டுக்குள் மூட்டைகள் வரிசையாக நின்றன. போன மாதம் எங்கள் பால்கனியில் பாதி தெருவில் விழுந்துவிட்டது. மிச்சத்தைக் கட்டைகள் முட்டுக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தன. வெளியே மழை விட்டாலும் உள்ளே இரண்டு நாளைக்கு விடாது. ஊருக்கு வெளியே ஒரு தங்குமிடத்துக்கு வீட்டுவசதி வாரியத்தார் எங்களை மாற்றுகிறார்கள். அம்மா சரியென்று சொல்லிவிட்டாள். சாவி இன்றைக்கு வரும். எனக்குக் கொண்டாட்டம்தான், இந்த ஒழுகலிலிருந்து தப்பித்தால் போதும்.

அம்மா பன்றிக்கறி சேர்க்காமல் கறுப்பு பீன்ஸ் சோறு ஆக்கி வைத்திருந்தாள். சல்கா சாப்பிட உட்காரவே இல்லை. கதவுக்கு மேலிருந்த அரைவட்டக் கண்ணாடி வழியாக நீலமும் சிவப்புமாகத் தரையில் விழுந்த வெயிலில் கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தாள்.

"நீங்க எங்கம்மா பொறந்தீங்க?"

"அதோ, அந்த உள் ரூம்லதான் தங்கம். மருத்துவச்சி வர்றதுக்குள்ள நானே வந்து விழுந்துட்டேனாம்."

"சொந்த ஊர்லயேவா?"

"பின்னே? அடுத்தவன் ஊர்லயா போய்ப் பொறப்பாங்க?"

நானும் அம்மாவும் சிரித்தோம். சல்காவும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

அப்போதுதான் வீட்டுவசதி வாரியத்துக்காரி மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தாள். சாவியை மேசைமேல் வைத்தாள்.

"கவலையே படாதீங்க நெரெய்தா அம்மா. இது தற்காலிக ஏற்பாடுதான். இங்க வேலை முடிஞ்சதும் திரும்பி வந்துடலாம்."

அம்மா கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்துக்கொண்டு சாவியை எடுக்கப் போனாள்.

"தற்காலிகம்னா?" என்றாள் சல்கா.

அடடா, ஒரு வழியாக அவளுக்குத் தெரியாத வார்த்தை ஒன்று கிடைத்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். "கொஞ்ச நாளைக்குன்னு அர்த்தம்டி, மக்கு."

"அர்த்தம் தெரியும்." அவள் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள். "எங்க ஸ்மாராவும் தற்காலிகம்தான். சண்டைக்குத் தப்பி ஓடி வந்தவங்க பக்கத்து நாட்டுப் பாலைவனத்துல கூடாரம் போட்டாங்க. விட்டுட்டு வந்த ஊர்ப் பேரையே அந்த முகாமுக்கும் வெச்சாங்க. கொஞ்ச மாசம்தான், திரும்பிப் போயிடலாம்னு சொன்னாங்களாம்."



"எங்கம்மா அங்கதான் பொறந்தாங்க. நானும் அங்கதான். அந்தக் கோட்டைய நாங்க ரெண்டு பேரும் பாத்ததே இல்ல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அம்மாவின் கை சாவிக்கு மேலேயே நின்றது.

"எப்ப திரும்பி வரலாம்?" என்று வாரியத்துக்காரியைக் கேட்டாள். "ஒரு தேதி சொல்லும்மா."

அந்தம்மாள் கூரையைப் பார்த்தாள். கட்டையைப் பார்த்தாள். பிறகு மூட்டைகளைப் பார்த்தாள்.

"காப்பி குடிச்சிட்டுப் போ," என்று அம்மா சாவியை அவள் பக்கமே தள்ளினாள்.

"கூரை தலையில விழுந்தா என்னம்மா பண்ணுவே?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஓடுவோம். ஓடிட்டு இதே வாசல்ல வந்து நிப்போம்."

அம்மா மூட்டை ஒன்றை அவிழ்த்தாள். பெரிய அலுமினியப் பாத்திரத்தை வெளியே எடுத்து, தண்ணீர் சொட்டும் இடத்தில் வைத்தாள்.

சல்கா குனிந்து அதைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினாள்.