விண்கப்பலில் செக்ரோல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் மேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

இருபது வருஷத்துக்கு முன்பு, ஆட்களை மேய்க்கும் கங்காணி வேலை முடிந்து, வரிசை வீடான எங்கள் லயத்துக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு விண்வெளி விளையாட்டு விளையாடுவேன். கப்பலுக்குக் கேப்டன் நான்தான். கடைசிச் சண்டைக்கு ஆட்களை வரிசையில் நிறுத்திவிட்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்தவன், அப்படியே மறந்துபோனேன்.

சாவதற்குள் ஜெயித்துவிட வேண்டுமென்று போன வாரம் மறுபடி திறந்தேன். அதே வரிசையில் நிற்கிறார்கள். துப்பாக்கியெல்லாம் பாசி.

"சுடுங்கடா!" என்றேன்.

மூன்று கண் இயந்திர மனுஷன் கையைக் கட்டிக்கொண்டான். "இருபது வருஷமா நிக்கிறோம் கங்காணி. செக்ரோல்ல, அதான் நாள் சம்பளப் புத்தகத்துல, பேர் போட்டீங்களா?"

"சும்மா நின்னதுக்குப் பேரா? சரி, அரைநாள் பேர் போடுறேன்."

"முழுநாள் பேர். இல்லாட்டி ஸ்ட்ரைக்."

எதிரிக் கப்பல் நெருங்குகிறது. அதட்டினேன், கெஞ்சினேன். ஒருத்தனும் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருபது வருஷத்துக்கும் ஆளாளுக்கு முழுநாள் பேர் எழுதினேன். கை வீங்கிவிட்டது.

"இப்ப சுடலாமாடா?"

"சுடலாங்க."

துப்பாக்கியைத் தூக்கினார்கள். விசையில் விரலை வைத்தார்கள்.

கரண்டு போய்விட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, மழையோடு மழையாக டவுனுக்கு நடந்துபோய்க் கரண்டு ஆபீஸ் மேசையைத் தட்டினேன். அவர்கள் தங்கமான ஆட்கள். உட்காரவைத்து, பெயர் எழுதிக்கொண்டு, நல்ல பதில் சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் லயத்துக்கு முதல் கரண்டுக் கம்பம் அடுத்த வருஷம் நடுவார்களாம்.