வெல்லப்பாகு வாசனை

மடியில் இருந்த பிள்ளை நனைத்துவிட்டது.

சூடு சேலையைத் தாண்டித் தொடையில் இறங்கியது. அவள் அசையவில்லை.

குனிந்து முகர வேண்டும். அதற்குத்தான் பயம்.

லேபின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிரிட்ஜ் அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் அதன் நெற்றியில் காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது. பிள்ளையின் குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தம் இப்போது அதற்குள் இருக்கிறது. ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருப்பதை எல்லாம் தனித்தனியாகப் பிரித்து எடை போட்டுவிடுமாம். காபி ஆறுவதற்குள் சொல்லிவிடுமாம்.

மூத்தவனுக்கு யாரும் இப்படிக் குத்திப் பார்க்கவில்லை.

அவன் நனைத்த துணியில் வெல்லப்பாகு மணந்தது.

"மூத்திரங்கூட அதிரசப் பாகால்லா மணக்கு! சாமி குடுத்த பிள்ளைட்டி இது" என்றாள் அவள் புருஷனின் அக்கா.

வீடே சிரித்தது. வெல்லக்கட்டி என்று கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வந்து தூக்கி முகர்ந்து பார்த்தார்கள். அவளும்தான் முகர்ந்தாள். அவ்வளவு பெருமையாக இருந்தது.

பெயர் வைக்கும் முன்பே வெல்லக்கட்டி பால் குடிப்பதை நிறுத்தினான். பிறகு கண்ணைத் திறக்கவில்லை.

அந்த மணம்தான் நோய் என்று சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை.

இந்தப் பிள்ளை பிறந்தபோது டாக்டரம்மாவிடம் அந்த மணத்தைச் சொன்னாள். அவர் உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். மணம் வருவதற்கு முன்பே மிஷின் கண்டுபிடித்துவிட்டது. அண்ணனுக்கு இருந்த அதே கோளாறு. அன்றிலிருந்து தாய்ப்பால் அளவோடுதான். மிச்சத்துக்கு, இந்த நோய்க்கென்றே செய்த மாவைக் கரைத்து ஊட்டினாள். அது கேட்கிறதா என்று பார்க்கத்தான் இன்றைய சொட்டு.

சேலை மடிப்பைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனாள்.

மூத்திர நாற்றம்.

மறுபடி முகர்ந்தாள். குப்பென்று வந்தது. சுத்தமான மூத்திர நாற்றம்.

கதவு திறந்தது. லேபில் இருக்கும் பெண் ஜெனிட்டா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அளவு நல்லா இறங்கிட்டுக்கா. மாவு கேக்குது."

அவள் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜெனிட்டா அவள் சேலையைப் பார்த்துவிட்டு ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். அவள் அதை வாங்கிப் பிள்ளைக்குச் சுற்றினாள். சேலையை அப்படியே விட்டுவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சீட்டின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

அந்த அம்மாளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.