ஸ்ரெல்லாவின் பேர்

செத்துப்போன பிள்ளையை ஊசி போடக் கூப்பிட்டால் பெத்தவளுக்கு எப்படி இருக்கும்? சொல்லுங்கோ பாப்பம்?

எங்கள் கடற்கரைக் கிராமத்துக் கிளினிக்கில் அது நடந்தது. ஒருதரம் இல்லை, இரண்டு தரம்.

கிளினிக் நாளென்றால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாங்குகளில் வரிசையாகக் குந்தியிருப்போம். கொம்பியூட்டரில் வேலை செய்கிற ராஜினி, அது எடுத்துக் குடுக்கிற பேர்களை உரத்து வாசிப்பாள். பேர் வந்த பிள்ளை தராசில் ஏறும். என் மகன் ஏறினால், அவன் கத்துகிற கத்தலில் கடலுக்குப் போனவர்களே கரைக்குத் திரும்பிவிடுவார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான், சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது.

"யூட்சன் ஸ்ரெல்லா!"

மண்டபம் அடங்கிப்போனது.

யூட்சனின் மகள் ஸ்ரெல்லா போன மாரியில் காய்ச்சல் வந்து மோசம்போன பிள்ளை. மூன்று வயதுகூட நிரம்பவில்லை. தாய் டிலுசா, கைக்குழந்தையோடு எங்களுக்கு நடுவில்தான் இருந்தாள். தலையை நிமிர்த்தி ராஜினியைப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது.

ராஜினி புதிதாக வேலைக்கு வந்த வெளியூர்ப் பிள்ளை. விசயம் தெரிந்ததும் அவளும் சேர்ந்து அழுதாள். அன்றே கொம்பியூட்டரில் 'காலமானார்' என்று பதிந்தும் வைத்தாள்.

அடுத்த மாதம், திரும்பவும் "யூட்சன் ஸ்ரெல்லா!"

யூலிற்றா அக்கா பாய்ந்து எழும்பினா. அவா வாயைத் திறந்தால் சந்தியில் இருக்கிற சங்கக் கடைக்கே கேட்கும்.

"ஏய் பிள்ளை, உனக்கு நெஞ்சில ஈரமே இல்லையே? அவளின்ர புண்ணைக் கிண்டிக் கிண்டி உப்புப் போடுறியே?"

"நான் பதிஞ்சனான் அக்கா, சத்தியமா. வாசிக்கிற அவசரத்தில வாயில வந்திட்டுது. ஏன் திரும்பி வருதெண்டுதான் தெரியேல்லை."

"அப்ப அந்த மிசினைத் தூக்கிக் கடல்ல போடு!"

டிலுசா கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தாள்.

அதற்கடுத்த கிளினிக்குக்கு, காலையிலேயே கிளிநொச்சியிலிருந்து கோகுலன் என்று ஒரு தம்பி வந்தார். கொம்பியூட்டர் பிழை பார்க்கிறவர். நாங்கள் சுற்றி நின்று விடுப்புப் பார்த்தோம்.

"தேடேக்க என்னென்ன குடுக்கிறனீங்கள், தங்கச்சி?"

"ஊரின்ர பேர் ஒரு பெட்டியில. பிறந்த திகதி மற்றதில. 'நிலை' எண்ட பெட்டியை வெறுமையா விடுவன்."

"அதையேன் விடுறியள்?"

"அதில 'வருகிறார்' எண்டு போட்டா, புதுசாப் பதிஞ்ச பிள்ளையள் விடுபட்டுப் போகினம் அண்ணா. அவையளுக்கு இன்னும் நிலை பதிஞ்சிருக்காது."

கோகுலன் சிரித்தார். "பிழை பிடிபட்டிட்டுது. பெட்டி வெறுமையா இருந்தா, ஆரெண்டாலும் பரவாயில்லை எண்டு அது எடுத்துக்கொள்ளும். இருக்கிற பிள்ளை, ஊர் மாறின பிள்ளை, காலமான பிள்ளை, எல்லாரையும் அள்ளிக்கொண்டு வரும்."

"கரைவலை மாதிரி," என்றா யூலிற்றா அக்கா.

"அதேதான் அக்கா. திருத்திவிடுறன், இனி வெறுமையா விட்டாலும் காலமானவையை விட்டுப்போட்டு எடுக்கும்."

கொஞ்ச நேரம் தட்டினார். பேர்கள் வந்தன. ராஜினி திரையில் விரலை வைத்து மேலிருந்து கீழே பார்த்தாள். புதிதாகப் பதிந்த பிள்ளைகள் இருந்தார்கள். ஸ்ரெல்லா இல்லை.

"மாதா உன்னைக் காப்பாத்துவா தம்பி!" யூலிற்றா அக்கா கோகுலனின் கையைப் பிடித்துக்கொண்டா. பிறகு எங்கள் பக்கம் திரும்பினா. "இனி அந்தப் பிள்ளையின்ர பேரை ஒருத்தரும் எடுக்கப்படாது. டிலுசா தாங்கமாட்டாள்."

நாங்கள் எங்கே எடுத்தோம்? டிலுசா கிட்டத்தில் வந்தால், பெண்பிள்ளைகளைப் பற்றின கதையையே மாற்றிவிடுவோம். அவ்வளவு கவனம்.

டிலுசா வந்தாள். பேர்கள் வாசிக்கப்பட்டன. அவளின் கைக்குழந்தையைக் கூப்பிட்டார்கள். நிறை பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், அவன் வீரிட்டான், அவள் தட்டிக் குடுத்தாள். பிறகு வந்து அதே இடத்தில் இருந்துகொண்டாள்.

கடைசிப் பேரும் முடிந்தது. ஒரு பிழையும் இல்லை. எங்களுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றோம்.

டிலுசா மட்டும் எழும்பவில்லை.

"அக்கா, மகனுக்கு எல்லாம் முடிஞ்சுதெல்லோ?" என்றாள் ராஜினி.

"ஓம். மகளைத்தான் கூப்பிடேல்லை."

ராஜினி பதறிப்போனாள். "இனி வராதக்கா. திருத்தியாச்சு. இனி நீங்கள் இங்க வந்து அழத் தேவையில்லை."

டிலுசா குழந்தையின் தலையைத் தடவினாள்.

"நான் அழுவன் எண்டு வீட்டில அவர் அவளின்ர பேர் சொல்லுறேல்லை. மாமி படத்தையும் எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சிட்டா. ஊர்ச்சனமும் அப்பிடித்தான். என்னைக் கண்டா வேற கதை கதைக்கினம். எனக்கு அப்பிடியொரு பிள்ளை பிறக்கவேயில்லை எண்ட மாதிரி."

நாங்கள் செருப்பைப் போடாமல் அப்படியே நின்றோம். யூலிற்றா அக்காவும்தான்.

"இங்க மட்டும்தான் தங்கச்சி, எல்லாற்ற பிள்ளையளோடயும் சேர்த்து அவளையும் கூப்பிட்டனீங்கள்."

குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"மிசின் சொல்லாட்டிலும் பரவாயில்லை. நீங்களாவது அவளை ஒருக்காக் கூப்பிடுங்கோவன்."